கட்டளை வரியில் அகரவரிசை

கணினியில் உள்ள கோப்புகளின் பெயர்களைப் பட்டியலிடுவது ஒரு வேலை. அந்தப் பட்டியலை வரிசைப்படுத்துவது வேறு வேலை. பட்டியலிட, வட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். வரிசைப்படுத்த, எது முன், எது பின் என்று யாரோ ஏற்கெனவே முடிவு செய்திருக்க வேண்டும். தமிழைப் பொறுத்தவரை அந்த முடிவு இரண்டு முறை எடுக்கப்பட்டது. முதல் முறை இலக்கண ஆசிரியர்கள் எடுத்தார்கள். இரண்டாம் முறை, 1980களின் இறுதியில், எழுத்துகளுக்கு எண் கொடுத்த பொறியாளர்கள் எடுத்தார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. டெர்மினலில் தமிழ்ப் பெயர்கள் இடம் மாறி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

தொல்காப்பியம் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடித்து எழுத்துகளை முப்பது என்று எண்ணுகிறது. பதினெட்டு மெய்களில் வல்லினமும் அதன் இன மெல்லினமும் ஜோடி ஜோடியாக முதலில் வருகின்றன: க ங, ச ஞ, ட ண, த ந, ப ம. அடுத்து இடையினம் ஆறு: ய ர ல வ ழ ள. கடைசியில் ற, ன. இந்த வைப்புமுறைக்குக் காரணம் சொல்லத் தனிச் சூத்திரமே எழுதியிருக்கிறார் நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர். ஆக, தமிழ் வரிசை தற்செயலாக அமைந்ததல்ல, விவாதித்து நிறுவப்பட்டது.

ஆனால் எழுத்துக்கு வரிசை இருந்ததாலேயே சொற்களை அந்த வரிசையில் அடுக்கும் வழக்கம் வந்துவிடவில்லை. திவாகரம், பிங்கலம் முதலான நிகண்டுகள் சொற்களைப் பொருள் வாரியாகப் பிரித்தன. தெய்வப் பெயர்கள் ஒரு தொகுதி, மக்கட் பெயர்கள் ஒரு தொகுதி, மரப் பெயர்கள் ஒரு தொகுதி. மனப்பாடம் செய்கிறவனுக்கு அது போதும். இன்றைய ஃபோல்டர் முறைக்கு அது மிக நெருக்கமானது. எந்தத் தொகுதியில் தேடுவது என்று தெரிந்தவனுக்கே பொருள் கிடைக்கும். 16ஆம் நூற்றாண்டில் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி வேறு வழியில் போனது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் அந்தத் தொகுதி எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தின்படி, ககர எதுகை முதல் னகர எதுகை வரை அடுக்கப்பட்டிருக்கிறது. செய்யுள் எழுதுகிறவனுக்கு வேண்டியது அந்த எழுத்துதான். கணினி தமிழைப் பிசகாக அடுக்கத் தொடங்கியபோது தவறு வெளிப்பட்ட இடமும் அதே இரண்டாம் எழுத்துதான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

முதல் எழுத்தின்படி அடுக்கும் முறை 1594இல் சிதம்பரம் ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டில் வந்தது. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரோவென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியும், 1732இல் வீரமாமுனிவர் முடித்த சதுரகராதியும் மேலைநாட்டு அகராதி முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. எஸ். வையாபுரிப் பிள்ளை 1926 முதல் அதன் பதிப்பாசிரியர். ஆறு தொகுதிகளிலும் 1,04,405 சொற்கள். 1939இல் முடிந்த அனுபந்தத்தையும் சேர்த்தால் 1,17,762. இத்தனை சொற்களும் கையால் அடுக்கப்பட்டவை.

தென்சென்னைப் புறநகருக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. மறைமலையடிகள் 1911 முதல் 1950இல் மறையும் வரை வாழ்ந்த ஊர் பல்லாவரம். நூல்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர் அவர். அவருடைய நூல்களைக் கொண்டு சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1958இல் மறைமலையடிகள் நூலகத்தைத் தொடங்கியது. அவர் மகள் நீலாம்பிகை அம்மையார் தொகுத்த நூல் வடசொற்றமிழ் அகரவரிசை. வடசொல்லுக்கு ஈடான தமிழ்ச் சொல்லை எடுத்துக்காட்டும் அந்த நூல் தலைப்பிலேயே வரிசையைச் சொல்லிவிடுகிறது. பல்லாவரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் சென்னைக்குத் துணை நகரமாகத் திட்டமிடப்பட்ட ஊருக்கு அடிகளின் பெயரை வைத்தார்கள். அந்த மறைமலை நகர் கோப்புப் பட்டியலில் படும் பாட்டைச் சற்று நேரத்தில் பார்க்கலாம்.

கணினியில் கோப்புப் பெயர்களைக் கேட்டு வாங்கும் கட்டளை, ஒரே எந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தத் தொடங்கியபோது பிறந்தது. துளை அட்டைக் காலத்தில் கோப்பு என்பது கையில் இருக்கும் அட்டைக் கட்டு. அதற்குப் பட்டியல் தேவைப்படவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961இல் இயங்கிக் காட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் அமைப்பில் ஒவ்வொருவருக்கும் வட்டில் தனி இடம் கிடைத்தது. தன் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க லிஸ்ட்எஃப் என்ற கட்டளை இருந்தது. அந்தக் கழகத்தையும் எம்.ஐ.டி. என்றுதான் சொல்வார்கள், குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949இல் நிறுவிய எம்.ஐ.டி. வேறு. பின்னதன் பங்கு வேறொரு கட்டத்தில் வரும்.

சிடிஎஸ்எஸ்ஸுக்கு அடுத்து வந்த மல்டிக்ஸில் லிஸ்ட் என்ற கட்டளை இருந்தது. அதன் சுருக்கம் எல்எஸ். பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை எழுதியபோது அந்தச் சுருக்கத்தையே கட்டளையின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். 1971 நவம்பர் 3 தேதியிட்ட யூனிக்ஸ் முதல் பதிப்புக் கையேட்டில் எல்எஸ் இருக்கிறது. வெறுமனே அடித்தால் பெயர் வரிசை. ‘டி’ சேர்த்தால் கடைசியாக மாற்றிய கோப்பு முதலில். ‘எல்’ சேர்த்தால் முழு விவரம். ‘ஏ’ சேர்த்தால் புள்ளியில் தொடங்கும் பெயர்களும் தெரியும். அரை நூற்றாண்டு கழிந்தும் இந்த எழுத்துகள் மாறவில்லை. புள்ளிப் பெயர்கள் மறைந்திருப்பது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல என்று பின்னாளில் அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராப் பைக் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு கோப்பகத்திலும் இருக்கும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்ற இரண்டு பெயர்களை மட்டும் மறைக்க நினைத்து, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்து விட்டுவிட்டார்களாம். சோம்பல் வழக்கமாகி, வழக்கம் விதியாகிவிட்டது.

எல்எஸ் தானாகச் செய்யும் வரிசை போதாதபோது உதவ சார்ட் கட்டளை அதே முதல் பதிப்பில் இருந்தது. 1973இல் பெல் ஆய்வுக்கூடத்தின் டக் மெக்கில்ராயின் யோசனைப்படி பைப் சேர்ந்தது. அதன்பின் ஒரு கட்டளையின் விடையை நேரே இன்னொரு கட்டளைக்குள் பாய்ச்ச முடிந்தது.

தமிழ்நாட்டில் 1973 என்றால் சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 வந்த ஆண்டு. அங்கே வேலை துளை அட்டையில்தான் நடந்தது. கட்டளை அடித்துக் கோப்புகளைப் பார்க்கும் பழக்கம் பொதுமக்களுக்கு வந்தது எம்எஸ்-டாஸ் வழியாக. 1990களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளின் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்தபோது, முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தது டிஐஆர் கட்டளையை. அது பெயர்களை வரிசைப்படுத்தித் தரவில்லை. வட்டின் பதிவேட்டில் எந்த இடத்தில் பெயர் இருந்ததோ அந்த இடத்திலேயே காட்டியது. வரிசை வேண்டும் என்றால், 1983இல் டாஸ் 2.0 உடன் வந்த சார்ட் வழியாக அனுப்ப வேண்டும். டிஐஆருக்குள்ளேயே வரிசைப்படுத்தும் வசதி 1991இல் டாஸ் 5.0 வந்த பிறகே கிடைத்தது.

அதே 1991இல் தமிழ் எழுத்துகளின் கணினி எண்களும் முடிவாகிவிட்டன. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான இஸ்கி குறியேற்றத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடிப்படையாக வைத்து யூனிகோடு 1.0 அந்த அக்டோபரில் வந்தது. இஸ்கியின் நோக்கம், எந்த இந்திய எழுத்திலிருந்தும் இன்னொன்றுக்கு எளிதாக மாற்றுவது. அதற்காக எல்லா எழுத்துகளையும் தேவநாகரியின் அமைப்புக்குள் பொருத்தினார்கள். தேவநாகரியில் ந-வுக்கு அடுத்த இடத்தில் தமிழ் ன-வைக் குறிக்கப் புள்ளி வைத்த ஒரு ந இருந்தது. ர-வுக்கு அடுத்து ற-வைக் குறிக்க ஒன்று. ல-வுக்குப் பின் ள, ழ. தமிழுக்கும் அதே இடங்கள் வந்தன.

எண்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும். யூனிகோடில் ந 2984, ன 2985, ப 2986. ர 2992, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. தொல்காப்பியர் கடைசியில் வைத்த ன, ப-வுக்கு முன்னால் போய்விட்டது. வ-வுக்குப் பின் வர வேண்டிய ழ, ள, ற மூன்றும் முன்னால் வந்துவிட்டன. அவற்றிலும் ள முந்தி, ழ பிந்தி. ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் ஜ. ஆய்த எழுத்து 2947. அது 2949 ஆன அகரத்துக்கே முன்னால். புள்ளியின் எண் 3021. எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால். இன்றைய அகராதிகளில் ‘க்’ முதலில், ‘க’ அடுத்து. வெறும் எண்ணை நம்பினால் ‘கௌ’வும் முடிந்த பிறகே ‘க்’ வரும்.

இந்தக் கோளாறு சட்டென்று கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு. இடம் மாறிய ன, ற, ள, ழ நான்கும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராதவை. முதல் எழுத்தை மட்டும் பார்க்கிறவருக்குப் பட்டியல் ஒழுங்காகவே தெரியும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை உள்ள ரயில் நிலையங்களின் பெயரில் கோப்புகளை வைத்து எல்எஸ் அடித்தால் ஊரப்பாக்கம், காட்டாங்கொளத்தூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு, தாம்பரம் என்று எந்தக் குறையும் இல்லாமல் வரும்.

மகரத்தில் தொடங்கும் ஊர்களைத் தனியே எடுத்தால் கதை மாறும். மடிப்பாக்கம், மண்ணிவாக்கம், மணிமங்கலம், மதுராந்தகம், மயிலாப்பூர், மவுலிவாக்கம், மறைமலை நகர், மாடம்பாக்கம் என்பது அகராதி வரிசை. எழுத்தெண்ணை மட்டும் பார்க்கும் கணினி மணிமங்கலத்தை மண்ணிவாக்கத்துக்கு முன்னால் வைக்கும். ண-வுக்கு அடுத்து ஒன்றில் இகரக் குறி 3007, மற்றதில் புள்ளி 3021. மறைமலை நகரும் ஒரு படி மேலே ஏறி மவுலிவாக்கத்துக்கு முன்னால் நிற்கும். ற 2993, வ 2997. எட்டுப் பெயருள்ள பட்டியலில் நான்கு பெயர்கள் இடம் மாறிவிட்டன. எட்டாயிரம் பெயருள்ள பட்டியலில் ஒரு பெயரைக் கண்ணால் தேடுகிறவர் அது இல்லை என்றே முடிவு கட்டிவிடுவார்.

யூனிகோடு பரவுவதற்கு முந்தைய நிலை இதைவிட மோசம். 1990களில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம். 1997இல் நா. கோவிந்தசாமி சிங்கப்பூரில் நடத்திய தமிழ்நெட் மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடும் இதை ஒழுங்குபடுத்த முயன்றன. உலகத் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி, தமிழக அரசு 1999இல் ஏற்ற டேம், டேப் ஆகியவை ஓரளவு ஒழுங்கைக் கொண்டுவந்தன. ஆனால் டிஸ்கியிலும் டேபிலும் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தார்கள். ‘பெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ப. வரிசைப்படுத்தினால் பெருங்களத்தூர், செங்கல்பட்டு, பொத்தேரி எல்லாம் கொம்பில் தொடங்கும் ஒரே கூட்டமாக வந்து நின்றன. தாம்பரம் மட்டும் தன் இடத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் தமிழ்த் தரவுகளை வரிசைப்படுத்த ஒவ்வொரு மென்பொருளாளரும் தனி நிரல் எழுதிக்கொண்டதில் வியப்பில்லை.

யூனிகோடு எழுத்தைக் கட்டளை வரிக்குக் கொண்டுவந்தது யுடிஎஃப்-8. எல்எஸ் பிறந்த யூனிக்ஸை எழுதிய அதே கென் தாம்சன், ராப் பைக்குடன் சேர்ந்து 1992 செப்டம்பரில் நியூஜெர்சி உணவகம் ஒன்றில் இரவு உணவின்போது வடிவமைத்தது அது. இதில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ‘மறைமலை நகர்’ என்ற பெயரில் பத்துக் குறிகள், நடுவில் ஓர் இடைவெளி. மொத்தம் 31 பைட். கோப்புப் பெயருக்கு 14 பைட் மட்டும் அனுமதித்த எழுபதுகளின் யூனிக்ஸில் இதில் பாதிகூட நுழைந்திருக்காது. இன்றைய லினக்ஸில் 255 பைட் வரை போகலாம். யுடிஎஃப்-8 எழுத்தெண்களின் ஏறுவரிசையை அப்படியே காப்பாற்றுவது. பைட்டை மட்டும் ஒப்பிடும் பழைய நிரலும் அதனால் தமிழை ஏதோ ஓர் ஒழுங்கில் அடுக்கியது. அது இஸ்கி ஒழுங்கு என்பதுதான் குறை.

இதற்கு இரண்டு தீர்வுகள் முன்வைக்கப்பட்டன. எண்களையே மாற்றுவது ஒன்று. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, அவற்றை இலக்கண வரிசையில் வைத்தது டேஸ்-16 குறியேற்றம். 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழக அரசு யூனிகோடை ஏற்று, டேஸ்-16ஐ மாற்றுக் குறியேற்றமாக அறிவித்தது. டேஸில் வரிசைப்படுத்தத் தனி விதியே வேண்டாம். எண்ணை ஒப்பிட்டால் அகரவரிசை தானே வந்துவிடும். யோசனை அழகானது. ஆனால் யூனிகோடு ஒதுக்கிய பொது இடத்தில் அல்லாமல் தனிப்பயன் பகுதியில் இருந்ததால், அதைத் தெரிந்த மென்பொருளைத் தாண்டி அது போகவில்லை. உலகம் முழுதும் ஒரே எண்ணைப் பயன்படுத்தும்போது ஒரு மாநிலம் மட்டும் வேறு எண்ணில் நிலைத்திருப்பது நடக்கிற காரியமல்ல.

எண் எப்படியும் இருக்கட்டும், வரிசைக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளலாம் என்பது மற்றத் தீர்வு. அதுதான் நிலைத்தது. யூனிகோடின் வரிசைப்படுத்தும் முறையும், 2001இல் முதலில் வெளியான ஐஎஸ்ஓ 14651 தரமும் ஒவ்வொரு எழுத்துக்கும் எண்ணுக்குப் புறம்பாக ஓர் எடை தருகின்றன. அதில் ய ர ல வ ழ ள ற ன என்று தமிழ் மெய்கள் இலக்கணப்படி நிற்கின்றன; கிரந்த எழுத்துகள் ன-வுக்குப் பின்னால். புள்ளி எழுத்தை முன்னால் கொண்டுவரும் விதி, மொழிவாரி வழக்கங்களைத் தொகுக்கும் சிஎல்டிஆர் தரவின் தமிழ்ப் பகுதியில் சேர்ந்தது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, 2018 ஆகஸ்டில் வந்த 2.28 பதிப்பில் ஐஎஸ்ஓ 14651இன் 2016 பட்டியலுக்கு மாறியது.

இந்தப் பட்டியலைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பதைக் கட்டளை வரியில் லொக்கேல் என்ற அமைப்பு முடிவு செய்கிறது. லொக்கேல் ‘சி’ என்று இருந்தால் எல்எஸ்ஸும் சார்ட்டும் வெறும் பைட்டை ஒப்பிடும். மறைமலை நகர் மவுலிவாக்கத்துக்கு முன்னால் வரும். தமிழ் லொக்கேல் வைத்தால் பட்டியலைப் பார்க்கும். ஒரே கணினியில், ஒரே கோப்புகளுக்கு, இரண்டு வரிசை. இரண்டு பட்டியல்களை ஒப்பிடும் காம் கட்டளைக்கு ஒன்றை ஒரு லொக்கேலிலும் மற்றொன்றை வேறு லொக்கேலிலும் அடுக்கிக் கொடுத்தால், கோப்பு வரிசையில் இல்லை என்று புகார் சொல்லும். ஊர் வாரியான பட்டியல்களை ஒன்றுசேர்க்கிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். சர்வர்களிலும் கண்டெய்னர்களிலும் ‘சி’ முறையே பரவலாக இருப்பதால், மேசைக் கணினியில் சரியாக வந்தது அங்கே போனதும் மாறிவிடும்.

கட்டளை வரியைத் தமிழ்நாட்டு மாணவர்களிடம் கொண்டுசேர்த்ததில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துக்குப் பங்கு உண்டு. அங்குள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. இந்திய மொழிகளில் இயங்கும் பாஸ் லினக்ஸ் சி-டாக்கிலிருந்து வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதலாண்டு ஆய்வகப் பயிற்சியிலேயே யூனிக்ஸ் கட்டளைகளும் ஷெல் நிரலும் இடம்பெற்றன. ஜி.எஸ்.டி. சாலையோரப் பொறியியல் கல்லூரிகளின் ரெக்கார்டு நோட்டுகளில் எல்எஸ் இப்படித்தான் ஏறியது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. 2012இல் தொடங்கிய கணியம் இதழும், எளிய தமிழில் லினக்ஸைச் சொல்லிக்கொடுத்த நூல்களும் இந்தக் கட்டளைகளைத் தமிழிலேயே விளக்கின.

ஆனால் பெயரைத் தமிழில் வைக்கும் பழக்கம் மட்டும் பரவவில்லை. அலுவலகங்களில் கோப்புப் பெயர் இன்றும் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான். தாம்பரத்தை ஒருவர் ‘எச்’ சேர்த்தும் இன்னொருவர் சேர்க்காமலும் எழுத, ஒரே ஊரின் கோப்புகள் இரண்டு இடத்தில் சிதறுகின்றன. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்துச் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. தமிழில் வைத்த பெயருக்கு இந்தத் தொல்லை இல்லை.

தமிழ்ப் பெயர் வைக்கிறவர்களும் சில நெளிவுசுளிவுகளைத் தெரிந்திருக்க வேண்டும். இடைவெளி உள்ள பெயரை, லினக்ஸில் எல்எஸ் அடங்கிய கட்டளைத் தொகுப்பான கோர்யுடில்ஸின் 2016 ஜனவரியில் வந்த 8.25 பதிப்பு முதல், எல்எஸ் ஒற்றை மேற்கோள் குறிக்குள் காட்டுகிறது. திரையில் மறைமலை நகருக்கு மட்டும் மேற்கோள் குறி விழுந்திருப்பதைப் பார்த்துப் பெயர் கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை. சூடாமணி நிகண்டைப் போல இரண்டாம் எழுத்தின்படி அடுக்க விரும்பினால் சார்ட் கட்டளை அதையும் செய்யும். ஆனால் அது எண்ணுவது பைட்டை. முதல் எழுத்து ‘ம’ என்றால் மூன்று பைட்டைத் தாண்டச் சொல்ல வேண்டும், ‘மா’ என்றால் ஆறு. வார்டு வாரியான கோப்புகளில் வார்டு10 என்பது வார்டு2க்கு முன்னால் வந்துவிடும். எல்எஸ்ஸுடன் சிறிய ‘வி’ சேர்த்தால் எண்ணை எண்ணாகவே பார்த்து அடுக்கும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற முறையில் எழுதினால் எந்த லொக்கேலிலும் கால வரிசை மாறாது.

தமிழ் லொக்கேல் பல லினக்ஸ் கணினிகளில் இருந்தும் இயக்கப்படாமல் கிடக்கிறது. அதை இயக்குவது சில நிமிட வேலை. ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளியிலோ நூலகத்திலோ புதிய கணினியை நிறுவிக்கொடுப்பவர்கள் அந்த வேலையையும் முடித்துவிட்டே கிளம்ப வேண்டும்.